பீலிக்கரை வாதம்

(பாஸ்கா காலம் ஆறாம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. திருத்தூதர் பணிகள் 8:5-8, 14-17, 1 பேதுரு 3:15-18, யோவான் 14:15-21)



போன கிழமை நம் பங்கில் ஒரு பீலி இரண்டாகிவிட்டது. தண்ணீர் அதே தண்ணீர்தான், குடம் வைக்கிற கல்லும் அதே கல்தான். ஆனால் அங்கே தண்ணீர் பிடிக்கிற இரண்டு அம்மாமாரில் ஒருவர் நிற்கிற நேரம் மற்றவர் வருவதில்லை. ஒருவர் நம் கோயிலுக்கு வருகிறவர். மற்றவர் வீட்டார் மாரியம்மன் கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிறவர்கள். இருபது வருஷமாக ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். ஒருவருக்குப் பிரசவ வலி வந்த இரவில் மற்றவர்தான் லாம்பு பிடித்துக்கொண்டு லொறி வரைக்கும் நடந்தாராம்.

காரணம் பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கிற இரண்டு பையன்கள், கையில் ஃபோன், தலைக்கு மேலே வேலை இல்லை. யாரோ ஒரு போதகர் யாரோ ஒரு சாமியாரை வாதத்தில் மடக்குகிற வீடியோவை நம் பையன் மற்றவனுக்கு அனுப்பினான். அவன் சும்மா இருப்பானா? இன்னொருவர் நம்முடைய பைபிளை விரித்து வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்கிற வீடியோவைத் திருப்பி அனுப்பினான். மூன்று நாளில் வீடியோ தீர்ந்து வாய் ஆரம்பித்தது. வாய் தீர்ந்து கை ஆரம்பித்தது. அதன் பிறகுதான் அம்மாமார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நம் பையன் என் அறைவீட்டுக்கு வந்தான். உதடு கொஞ்சம் வீங்கியிருந்தது. "ஃபாதர், கடவுள் இருக்காரு, அதுவும் நம்ம கடவுள்தான் கடவுள்னு அவன் வாய அடைக்கிற மாதிரி ஒரே ஒரு பாயிண்ட் குடுங்க" என்றான்.

கடவுள் இருக்கிறார் என்பதற்குப் புனித தோமா அக்குவினா காட்டிய ஐந்து வழிகளைக் குருமடத்தில் ஒரு தவணை முழுக்கப் படித்திருக்கிறேன். பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தேன். அவற்றில் ஒன்றைக்கூட அந்தப் பையனுக்கு எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எறிய வேண்டும் என்று வந்து நிற்கிறவனுக்குத் தங்கக் கட்டியைக் கொடுத்தாலும் அவன் எறியத்தான் போகிறான். தேத்தண்ணி கொடுத்து, ஒரு வேலையும் கொடுத்து அனுப்பினேன். என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

அவன் போன பிறகு ஞாயிறு வாசகத்தைப் புரட்டினேன். இரண்டாம் வாசகத்தைச் சற்று முன்பு கேட்டீர்கள். உங்களுடைய எதிர்நோக்குக்குக் காரணம் என்ன என்று கேட்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாய் இருக்கும்படி பேதுரு எழுதுகிறார். இதோடு அவர் பேனாவை வைத்திருந்தால் நம் பையனுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பதிலில் பணிவு வேண்டும், மரியாதை வேண்டும், மனச்சாட்சி சுத்தமாக இருக்க வேண்டும் என்று தொடர்ந்துகொண்டே போகிறார்.

இதை யார் எழுதுகிறார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கெத்சமனியில் யாரும் கேட்காமலே வாளை உருவி, தலைமைக் குருவின் வேலையாள் மால்குவின் காதை வெட்டியவர் பேதுரு. அதே இரவில் ஒரு வேலைக்காரப் பெண் நெருப்பு வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்து, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று கேட்டபோது, அந்த ஆளையே எனக்குத் தெரியாது என்று சொன்னவரும் அவர்தான். கேட்காத இடத்தில் வாள். கேட்ட இடத்தில் வாயடைப்பு. வயது போன பிறகு அந்த மனுஷன் பதில் சொல்லுங்கள், பணிவோடு சொல்லுங்கள் என்று எழுதினால், அது அந்த ஒரு இரவின் இரண்டு தழும்புகளையும் தடவிப் பார்த்துக்கொண்டே எழுதினது. வெட்டுப்பட்ட காதை ஆண்டவர் தொட்டு ஒட்ட வைத்தார் என்று லூக்கா சொல்கிறார். நாம் வேதத்தின் பேரால் வெட்டிப்போட்ட காதுகளை ஒட்ட வைக்கிற வேலையும் அவருக்குத்தான் மிச்சம். காது போன பிறகு நாம் சொல்வதை அவன் எதைக் கொண்டு கேட்பான்?

இந்தக் கடிதம் யாருக்குப் போனது என்பதும் நமக்கு முக்கியம். போந்து, கலாத்தியா, கப்பதோக்கியா, ஆசியா, பித்தினியா என்று சிதறிக் கிடந்தவர்களுக்கு. சொந்த ஊர் இல்லாதவர்கள், இருக்கிற ஊரில் அந்நியர்கள் என்று கடிதமே அவர்களை அழைக்கிறது. இதை வாசிக்கும்போது கொழும்பிலோ ரோமாபுரியிலோ இருக்கிற பிரசங்கி அகராதியைப் பார்த்துப் பொருள் சொல்லுவார். நமக்கு அகராதி தேவைப்படாது. நம் பாட்டன் பூட்டன் மன்னாரில் கரை இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து, வழி நெடுகச் செத்தவர்களை விட்டுவிட்டு வந்து சேர்ந்தவர்கள். முதலில் கோப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அதே 1948ஆம் ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கணக்குப் பார்த்தார்கள். கொழுந்து நிறுப்பதைப்போல நிறுத்தார்கள். இதோ, நம் நானுஓயா ஸ்டேஷனில் ஏறித்தான் எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் பிடித்தன. அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். பிளாட்ஃபாரத்தில் கட்டிப்பிடித்து அழுதவர்களில் யார் வேதக்காரர், யார் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர் என்று எந்தக் கார்ட் பச்சைக்கொடியைக் கீழே வைத்துவிட்டு விசாரித்தான்? இரு பக்கத்தாருக்கும் ஒரே படிவம், ஒரே தகரப் பெட்டி.

பேதுருவின் கடிதம் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் வந்தது. அதிகாரம் உள்ளவன் தன் மதத்தை எப்படி நிலைநாட்டுவது என்று அதில் ஒரு வரி கிடையாது. ஓரத்தில் கிடக்கிற சனம், பக்கத்து வீட்டுக்காரன் ஆச்சரியப்பட்டு, "உனக்கு மட்டும் எங்கேயிருந்து இந்த நம்பிக்கை வருது?" என்று கேட்கிற மாதிரி வாழ வேண்டும். அப்படி ஒருவன் வந்து கேட்டால் வாய் திறக்க வேண்டும். கேள்வி முதலில் வர வேண்டும் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

வேதக்காரர் என்று சொன்னேன். பெரியவர்கள் இன்னும் நம்மை அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தக் கட்டடத்துக்கு வேதக்கோயில் என்று பெயர். இந்தச் சொல் நமக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டிலிருந்து. 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தத்துவ போதகர் என்று பெயர் எடுத்த இத்தாலியக் குரு ராபர்ட் டி நொபிலி, நம் விசுவாசத்தைச் சத்திய வேதம் என்று தமிழில் சொன்னார். வேதம் அவர்களுடைய சொல். பூசை அவர்களுடைய சொல், திருப்பலி என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் நம் பாட்டிமார், "சாமி, நாளைக்குப் பூசை எத்தன மணிக்கு?" என்றுதான் கேட்பார்கள். அந்தச் சாமியும் அவர்களுடையதுதான். கோயில், நோன்பு, தேர் எல்லாமே அப்படி. நாம் முழங்காலில் நின்று சொல்கிற அருள் நிறை மந்திரத்தில் மந்திரம் என்ற சொல்லை யாரிடம் வாங்கினோம்? பிள்ளைகள் போகிற பள்ளிக்கூடத்தில் உள்ள பள்ளி, ஒரு காலத்தில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கின இடம். இன்று அதையே முஸ்லிம் சகோதரர்கள் தொழுகிற இடத்துக்குச் சொல்கிறோம். இரவல் வாங்கின குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, குடம் தந்தவளிடம் சண்டைக்குப் போவது நியாயமா என்று நான் நம் கோயில் அம்மாவிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை போலும்.

இரவல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் என்ற மெதடிஸ்த போதகர் பைபிளைத் தமிழில் பெயர்த்தபோது, அந்தத் தமிழுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவியவர் ஆறுமுக நாவலர். விபூதி பூசின சைவர். 1850இல் அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1854இல் அதே நாவலர் 'சைவதூஷண பரிகாரம்' என்று பாதிரிமாருக்கு மறுப்பு எழுதினார். எனக்கு அவர் மேல் கோபம் வருவதில்லை. அவர் நம்முடைய வேதத்தை முழுக்கப் படித்துவிட்டு மறுத்தார். இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் எத்தனை பேர் அதை முழுக்கப் படித்துவிட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறோம்? கையைத் தூக்கச் சொல்லப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

பையன்களே, நீங்கள் ஃபோனில் பார்க்கிற வாதங்களுக்கெல்லாம் மூத்த வாதம் இந்த நாட்டில் நடந்தது. அதுவும் ஒரு பிரசங்கத்தில்தான் ஆரம்பித்தது. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் நடுக்கம்தான். 1873 ஜூன் மாதம் பாணந்துறை வெஸ்லியன் கோயிலில் டேவிட் டி சில்வா போதகர் ஆன்மாவைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். மிகெட்டுவத்தே குணானந்த தேரர் என்ற பௌத்த பிக்கு அதற்கு மறுப்புச் சொன்னார். சரி, நேருக்கு நேர் பேசுவோம் என்று ஆகி, ஓகஸ்ட் மாதம் இரண்டு நாள், ஆயிரக்கணக்கான சனம் கூடிப் பாணந்துறை வாதம் நடந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நமக்குக் கிட்ட, கம்பளையிலும் ஒன்று நடந்திருந்தது. ஆன்மா என்று ஒன்று இல்லையென்றால் செய்த வினையை மறுபிறப்பில் அனுபவிக்கிறது யார் என்று கிறிஸ்தவர் பக்கம் கேட்டார்கள். நல்ல கேள்விதான். மனிதனைப் படைத்ததற்காக மனம் வருந்தினார் என்று தொடக்கநூலில் எழுதியிருக்கிற கடவுள் எப்படி எல்லாம் அறிந்தவர் ஆவார் என்ற மாதிரி, நம் புத்தகத்தை வைத்தே தேரர் திருப்பிக் கேட்டார். அதுவும் நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விகளைப் பதில் தெரிந்துகொள்வதற்காக யாரும் கேட்கவில்லை. கூட்டம் சாது சாது என்று ஆர்ப்பரித்தது. வாதம் புத்தகமாகி, ஆங்கிலத்தில் போய், அமெரிக்காவில் கேர்னல் ஒல்கொட் என்பவர் கையில் கிடைத்து, அவர் 1880இல் கப்பல் ஏறிக் காலிக்கு வந்து பஞ்சசீலம் எடுத்தார். கிறிஸ்தவத்தை நிலைநாட்டக் கூட்டின கூட்டம், பௌத்த மறுமலர்ச்சிக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுக் கலைந்தது. ஆண்டவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அடுத்தது நகைச்சுவை இல்லை. 1883 மார்ச் 25, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் குணானந்த தேரரின் விகாரைக்கு ஒரு பௌத்தப் பெரஹரா போனது. அவர்கள் நம் மாதாவையும் சிலுவையையும் கேலி செய்கிற உருவங்களைத் தூக்கி வருகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. வதந்தி, வேறொன்றும் இல்லை. நம் ஆட்கள், கத்தோலிக்கர்கள், உயிர்த்த ஆண்டவரைக் கும்பிட்ட அதே நாளில் அந்த ஊர்வலத்தின் மேல் விழுந்து அடித்தார்கள். ஒரு பௌத்தர் செத்துப்போனார். 2019 ஏப்ரல் 21இல், இன்னொரு உயிர்ப்பு ஞாயிறில், கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் குண்டு வெடித்து நமக்கு நடந்ததை வருஷா வருஷம் மெழுகுதிரி ஏற்றி நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். 1883ஐ நினைத்து ஒரு திரியும் நாம் ஏற்றினதில்லை. 2019க்குப் பிறகு டவுனில் ஒரு முஸ்லிம் நானாவுடைய புடவைக்கடைக்கு நம் ஆட்கள் மாதக்கணக்கில் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கடனுக்கு நத்தார் உடுப்புக் கொடுத்த மனுஷன். குண்டு வைத்தவன் பெயரும் இவர் பெயரும் ஒரே பாஷையில் இருந்தது ஒன்றுதான் அவர் செய்த குற்றம்.

கொட்டாஞ்சேனைக் கலவரத்துக்கு நீதி கேட்டு ஒல்கொட் 1884இல் லண்டனுக்குப் போனார். அந்த முயற்சியின் பலனாக 1885இல் வெசாக் போயா விடுமுறை நாளாயிற்று. நீங்கள் இன்று தெரு முழுக்கப் பார்க்கிற பௌத்தக் கொடியும் அந்த வெசாக்கில்தான் முதன்முதல் ஏறியது. கொழும்பிலிருந்து நானுஓயாவுக்குக் கோச்சி வந்ததும் அதே 1885இல்தான். இந்தக் கிழமை நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்கு வெசாக் கூடு பார்க்கப் போனீர்கள், தன்சலில் வரிசையில் நின்று சாப்பிட்டீர்கள். நல்லது. அந்த விடுமுறைக்குப் பின்னால் நம் ஆட்கள் எறிந்த கல்லும் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தித் துரத்தி வேட்டையாடிய காலத்தில், 1692இல் கண்டிக்கு வந்த புனித யோசேப்பு வாசை, முதலில் உளவாளி என்று சிறையில் வைத்தாலும், பிறகு நடமாட விட்டது இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த அரசன். கண்டியில் அம்மை நோய் பரவி, சொந்தக்காரர்களே நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டபோது வாஸ் அடிகள் அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். வாதத்துக்கு அவர் கூட்டம் போட்டதாக நம் பாட்டிமார் ஒரு கதை சொல்லி நான் கேட்டதில்லை. நோயாளிகளின் கதையைத்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "ஃபாதர் என்ன சொல்றாருன்னா எல்லா சாமியும் ஒன்னுதான்" என்று யாராவது வீட்டுக்குப் போய்ச் சொல்வீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அது சோம்பேறியின் மரியாதை. ஒருவர் என்ன நம்புகிறார் என்று கேட்டுப் பார்க்கக் கஷ்டப்படாமல், எல்லாம் ஒன்றுதான் என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவது. ஒன்று இல்லை. பௌத்தர் நம்மைப்போலப் படைத்தவர் ஒருவரைக் கும்பிடுவதில்லை. துன்பம் எங்கே தொடங்குகிறது, எங்கே தீரும் என்பது அவர் தேடுகிற பாதை. முஸ்லிம்கள் ஈஸா நபி என்று நம் ஆண்டவரை மதிக்கிறார்கள், குர்ஆனில் மர்யம் என்று நம் மாதாவின் பெயரிலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஆனாலும் இறைவனுக்கு மகன் உண்டு என்பதை அவர்கள் ஏற்கமாட்டார்கள். தொழிற்சாலைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோதமுனி என்ற காவல் தெய்வத்துக்குச் சூடம் கொளுத்துகிற நம் மாமா, கை கால் முழுசாக வீட்டுக்கு வர வேண்டும் என்று கும்பிடுகிறார். அந்தச் சக்கரத்தில் கை போனவர்களைப் பார்த்த மனுஷன் அவர். கடவுள் இந்த மண்ணில், ஒரு தச்சன் வீட்டில் மனிதனாகப் பிறந்தார், சிலுவையில் செத்தார், உயிர்த்தார் என்று நாம் சொல்கிறோம். இது மற்றவர்களுக்கு எவ்வளவு விசித்திரமாகக் கேட்கும் என்பதை நாம் பழகிப்பழகி மறந்துவிட்டோம். வித்தியாசம் இருக்கிறது. இருப்பதால்தான் கேள்வி வருகிறது, பதில் சொல்ல நமக்கும் ஒரு வாய்ப்பு வருகிறது. மற்ற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருக்கிற எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965 ஒக்டோபர் 28ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது. அதே அறிக்கை கிறிஸ்துவை அறிவிப்பதை விட்டுவிடச் சொல்லவும் இல்லை.

எனக்கு ஒரு தடவை அந்த வாய்ப்பு வந்தது. சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறிக்கொண்டிருந்தேன். 7,359 அடி உயரம், இரவு, கைகளைக் கட்டிக்கொண்டாலும் தாங்காத குளிர். மேலே இருக்கிற பாதம் பௌத்தருக்குப் புத்த பகவானுடையது, சைவருக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் நபியுடையது. நம் பழைய ஆட்கள் சிலர் அதைப் புனித தோமாவின் பாதம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மொரோக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா 1344இல் இதே மலையில் ஏறியிருக்கிறார். ஆயிரம் வருஷ வழக்கு, தீர்ப்பு இன்னும் இல்லை. படி ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்குவதால் வாதாடவும் முடிவதில்லை. ஒரு சிங்கள அம்மா, எழுபது வயது இருக்கும், கருணாவாய் என்று வாழ்த்திவிட்டு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். பிளாஸ்கில் இருந்த இஞ்சித் தேத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றினார். நான் யார் என்று விசாரித்தார், சொன்னேன். "உங்கள் மதத்தில் இப்படிப் பாதம் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று வேறு ஒன்றும் வரவில்லை. எங்கள் ஆண்டவர் பாதம் பதித்துவிட்டுப் போகவில்லை அம்மே, சாகிறதுக்கு முந்தின இரவு தன் சீடர்களுடைய பாதங்களைக் குனிந்து கழுவினார் என்று சொன்னேன். அவர் கீழே வரிசையாக ஏறி வருகிற சனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவு பேருடைய காலையுமா? பாவம், அவருக்கு முதுகு நொந்திருக்கும்" என்றார்.

அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. நானும் பௌத்தன் ஆகவில்லை. ஆனால் அந்த முதுகு வலியைப் பற்றி என் குருமடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு பெரிய வியாழனும் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவிவிட்டு நிமிரும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு வருகிறேன். வீடியோவில் அது விளையாட்டு மாதிரி இருக்கும். நம் பக்கத்தில் அந்தக் கேள்வி வேறு மாதிரி வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. காலையிலேயே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. உங்களை அனாதைகளாக விடமாட்டேன் என்ற பொருளில் ஆண்டவர் இன்றைய நற்செய்தியில் பேசுகிறார். அந்தப் பிள்ளைகளில் ஒன்று எழுந்து, "விட்டுட்டாரே ஃபாதர்" என்று சொன்னால் நான் ஐந்து வழிகளை எடுத்து வைப்பேனா?

யோபுவின் கதை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளை எல்லாம் ஒரே நாளில் பறிகொடுத்தவர். மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் நல்ல மனுஷர்கள். பிறகு வாய் திறந்து கடவுளுக்காக வாதாட ஆரம்பித்தார்கள். கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீதான் ஏதோ தப்புச் செய்திருக்க வேண்டும் என்று அத்தனை அதிகாரம் பேசினார்கள். யோபுவோ கடவுளிடமே சண்டைக்குப் போனார். கடைசியில் கடவுள் வந்தார். வந்து, தனக்கு வக்காலத்து வாங்கின மூன்று பேரிடமும் கோபித்துக்கொண்டார். என்னைப் பற்றிச் சரியாகப் பேசினவன் யோபுதான் என்றார். அந்த மூவருக்காகவும் யோபு மன்றாட வேண்டியிருந்தது. வேதப் புத்தகத்தில் இந்த இடத்தை வாசிக்கிறபோதெல்லாம், பிரசங்க மேடையில் நிற்கிற எனக்கு நாக்கு உலர்ந்துபோகும்.

அனாதைகளாக விடமாட்டேன் என்ற ஆண்டவர் தான் எப்படித் திரும்பி வருவார் என்றும் சொல்கிறார். இன்னொரு துணையாளரைத் தருவேன், அவர் உங்களோடு தங்குவார் என்று. தங்குதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். மீரியபெத்தையில் மண்ணைத் தோண்டினவர்கள், பிள்ளைகளுக்குச் சோறு கொண்டு வந்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று யாருக்கும் தெரியாது. துணையாளர் அவர்களுக்குள் இருந்தார் என்று நான் விசுவசிக்கிறேன். அதை ஒரு பாயிண்டாக எடுத்துக்கொண்டுபோய் எவன் வாயையும் அடைக்க முடியாது. புத்தளையில் மைக்கல் ரொட்ரிகோ அடிகள் இப்படித்தான் தங்கினார். பௌத்தத்தையும் பாடமாகப் படித்த பெரிய அறிஞர். 1980இல் பௌத்தர்கள் மட்டுமே வாழ்கிற கிராமத்துப் பக்கம் போய்க் குடிசை போட்டு, அந்த ஏழைச் சனத்தோடு இருந்தார். 1987 நவம்பர் 10ஆம் தேதி பூசை வைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்காக அழுதவர்கள் அந்தக் கிராமத்துப் பௌத்தர்கள்.

இப்போது நம் பையனுக்குக் கொடுத்த வேலையைச் சொல்கிறேன். போய் அவனிடம் மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்கமாட்டான். மற்றப் பையன் மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்கிறவன் என்று கேள்விப்பட்டேன். தீக்குழிக்கு முன்னால் நிற்கும்போது மனசுக்குள் என்ன சொல்வான் என்று கேட்டு வந்து எனக்குச் சொல், எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். வாதம் பண்ணக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தான். "ஒன்னும் சொல்லமாட்டானாம் ஃபாதர். அம்மா, அம்மானு மட்டும் வருமாம். அந்த நேரம் பயமே இருக்காதாம்" என்றான். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு, "நமக்கு ஏன் ஃபாதர் கோயிலுக்குள்ள முழங்கால்ல நிக்கிறப்போவும் பயமா இருக்கு?" என்று கேட்டான்.

இதற்கும் எனக்கு உடனே பதில் வரவில்லை. இன்று பின்னேரம் ஐந்து மணிக்கு அறைவீட்டுக்கு வா, அவனையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். வருவானா தெரியாது. அம்மா, நீங்களும் இங்கே மூன்றாவது வாங்கில் இருக்கிறீர்கள், நான் பார்க்காமல் இல்லை. நாளைக் காலையில் பெரட்டுக்குப் போகிறதுக்கு முன்னால் நீங்கள் பீலிக்குப் போகிற நேரம் எனக்குத் தெரியும், அவர் போகிற நேரமும் எனக்குத் தெரியும்.

எழுந்து நிற்போம். விசுவாச அறிக்கை.